ஊன்றுகோல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் என் மாணவன் ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். தந்தையை இழந்து அவனுக்கு ஒரு மாதமே ஆகியிருந்தது. படிப்பிற் கருத்துள்ளவன்; இருந்தும் உயர்தரப் பரீட்சையில் தவறிவிட்டான். பார்த்தெழுதிய நண்பனோ சித்தியடைந்திருந்தான்.

"ஐயா, கடவுள் நீதியுள்ளவர் என்று வகுப்பிலே சொன்னீர்களே?" என்று கேட்டான்.

நான் சிறிதும் தாமதியாது, "எல்லாம் முன்வினைப் பயன், தம்பி" என்றேன். அவன் ஒன்றும் பேசாது தலைகுனிந்து சென்றான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நான் சொன்னது நம் சமய நூல்களுக்கு முரணானதன்று. ஆயினும், சொல்லத் தக்க இடத்திற் சொன்னேனா?

பொறாமை நெஞ்சினன் செல்வத்தோடு வாழ்வதும், செம்மையானவன் கெடுவதும் ஆராய்தற்குரியன என்கின்றார் திருவள்ளுவர். காரணம் இன்னதென்று அவர் அங்கே விரித்துரைக்கவில்லை. பழவினையே காரணம் என்று விளக்கியவர் பரிமேலழகர். அக்குறள் எந்த அதிகாரத்தில் வருகின்றது என்பதை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். அது அழுக்காறாமையில் வருகின்றது. பிறர் வாழ்வு கண்டு புழுங்கும் உள்ளம் தன்னைத் தானே தேற்றிக்கொள்வதற்கான மருந்து அது. அதனை எடுத்து அடிபட்டவன் தலைமேற் கல்லாக எறிவது கற்றவர்க்கு அழகா? என் துன்பத்தை நான் தாங்குவதற்கே வினைக்கொள்கை. அயலவன் துன்பத்தைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பதற்கன்று.

இனி, இறைவனிடம் நீதி கேட்பதே பிழை என்பாரும் உளர். சுந்தரமூர்த்தி நாயனார் அவ்வாறு எண்ணினாரல்லர். திருவொற்றியூரைப் பிரியேன் என்று சங்கிலியார்க்குச் செய்து கொடுத்த சபதத்தை மீறியமையால் அவர் கண்ணொளி இழந்தார். பிழை தம்முடையதே என்பதை அவர் நன்கறிவார். அறிந்திருந்தும் இறைவனோடு வழக்காடினார், கடிந்தும் பாடினார். நம்பிக்கையற்ற மன்றில் எவரேனும் வழக்கு வைப்பரோ?

திருவெண்பாக்கத்தில் அவர் வேண்டியது கண். கிடைத்தது ஓர் ஊன்றுகோல். அதைக் கையிற் பற்றிக்கொண்டு மேலும் நடந்தார். காஞ்சியில் இடக்கண் ஒளி பெற்றது. வலக்கண்ணோ திருவாரூர் சென்றடைந்த பின்னரே தெளிந்தது. ஒரே இடத்தில் ஒரே நாளில் அனைத்தையும் அளித்திருத்தல் இறைவனுக்கு அரிதன்று. ஏன் அளிக்கவில்லை என்பதற்கு நான் விடை கூறத் துணியேன். சேக்கிழார் பெருமான் காட்டுவது, அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு கண்ணோடும் ஒரு கோலோடும் நடந்து சென்ற ஓர் அடியாரை. எனக்கு அந்த நடை போதும்.

மறுநாட் காலை அம்மாணவன் வீட்டிற்குச் சென்றேன். விளக்கம் எதனையும் கொண்டு செல்லவில்லை. அடுத்த பரீட்சைக்கு உதவக்கூடிய குறிப்புக் கொப்பிகள் சிலவற்றையே கொண்டு சென்றேன். அவன் தாயார் தேநீர் தந்தார். சிறிது நேரம் சென்றபின், முதல்நாட் கேட்ட அதே கேள்வியை அவன் மறுபடியும் கேட்டான். இம்முறை நான் அவசரப்படவில்லை. திண்ணையில் வெயில் ஏறும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.