பாட்டன் பெயர் எங்கே?

கோவில்பட்டிக் கரிசல் சீமையில் பாட்டன் பூட்டன் சரித்திரம் தேடுவோர் பலரும் அதை ஒரு ராஜ வம்சத்தில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். அப்படியானால் கம்பு விதைத்தவனும் பருத்தி எடுத்தவளும் யாருக்குப் பாட்டன் பாட்டி என்று கேட்கின்றோம்.

பட்டாவில் நிலமுள்ளவன் பெயரே இருக்கும். பிறர் புஞ்சையில் உழுதவனுக்கு அதில் இடமேது? ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! 1860 முதல் 1911 வரை சென்னையில் கப்பலேறித் தென்னாப்பிரிக்க நேட்டாலுக்குப் போன கூலிக்கு எழுத்து உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் வெள்ளைக்காரன் குறித்தான். அன்பினாலல்ல, ஆளை அடையாளம் காண. ஜாதியையும் எழுத மறக்கவில்லை! அந்தப் பட்டியலைக் கொண்டே கொள்ளுப்பேரர்கள் இன்று ஊர் தேடி வருகிறார்கள்.

ஊரிலேயே கிடந்து உழைத்தவனின் பேரனுக்கோ அந்தக் காகிதமும் இல்லை. தோழர்களே, உங்கள் தெருக் கிழவியிடம் இன்றே போய்க் கேட்டு எழுதுங்கள். ராஜாவைப் பற்றியல்ல, எந்தப் பஞ்சத்தில் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யாரிடம் பண்ணையாளாக இருந்தார்கள் என்று கேளுங்கள்.