குரைக்கும் நாயும் அயலவர் கோபமும்

சொந்த வளவில் இருந்த காலத்தில் நாயின் குரைப்பு எமக்குத் தொல்லையாக இருந்ததில்லை. தோட்டத்துக்குள் பன்றி இறங்கினாலும், படலையடியில் புதியவர் நின்றாலும் அதுதான் எம்மை எழுப்பியது. இடம்பெயர்ந்து கொட்டிலோடு கொட்டிலாக வாழும்போது அதே குரைப்பு அயலவரின் நித்திரையைக் கெடுக்கிறது. வாய்த்தர்க்கம் வளர்ந்து, ஈற்றில் சோற்றில் நஞ்சு வைக்கும் அளவுக்குக் கோபம் முற்றிவிடுவதும் உண்டு.

குற்றம் நாயில் இல்லை, நாம் வளர்க்கும் முறையிலேயே உள்ளது என்பதே எமது கருத்து. வேலி சூழ்ந்த வளவைக் காத்த நாய்க்கு இங்கே தன் எல்லை எதுவெனத் தெரியாது. ஒழுங்கையால் போகும் ஒவ்வொருவரும் அதற்கு அந்நியரே. குரைத்ததும் அவர் கடந்து போய்விடுவதால், தானே அவரைத் துரத்தியதாக அது பழகிக்கொள்கிறது. பகல் முழுவதும் குட்டைக் கயிற்றில் கட்டிக் கிடந்தால் இரவில் இன்னும் கூடக் குரைக்கும். நாம் சத்தமிட்டு ஏசினால் அதன் பதற்றம் கூடும். அடித்தால் பயம் கூடும்; பயந்த நாய் கடிக்கவும் கூடும்.

செலவில்லாத வழிகள் உண்டு. ஒழுங்கை தெரியாதபடி கிடுகால் மறைத்து, கொட்டிலின் பின்புறம் நிழலில் நீண்ட கயிற்றில் கட்டுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போய், இரவு படுக்குமுன் உணவு கொடுங்கள். குரைத்தால் எழுந்து பாருங்கள். காரணம் இல்லையெனில் அமைதியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வாய் மூடியதும் ஒரு பிடி சோறு கொடுங்கள். குரைக்கும்போது கொடுக்க வேண்டாம். வீட்டார் எல்லோரும் இப்படியே செய்தால் சில வாரங்களில் மாற்றம் தெரியும்.

ஒருபோதும் இல்லாதவாறு திடீரெனக் குரைத்தால் காயமோ நோயோ உண்டா எனப் பாருங்கள். குரல் மாறி, வாயால் நீர் வடிந்து, விழுங்க முடியாமல் நின்றால் அது விசர்நோயாக இருக்கலாம், கிட்டப் போகாதீர்கள். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி போடுவது எமது கடமை.

நஞ்சு, வைத்தவர் நினைத்த நாயை மாத்திரம் தேடிப் போவதில்லை. கோழியும் தின்னும், தவழும் பிள்ளையும் கையில் எடுக்கும். நாய் வளர்ப்பவர் முதலில் அயல்வீட்டுக்குப் போய், “எங்கட நாயால உங்களுக்குக் கரைச்சலோ?” என்று கேட்கட்டும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.