அளவெடுத்து வெட்டுவோம்!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

துணியை வெட்டுமுன் அளவெடுக்காத தையற்காரரை நாம் கண்டதில்லை. ஆனால், படத்தை வெட்டி ஒட்டும் எடிட்டர்களில் அளவெடுக்காதவர் பலர். கணிப்பொறியில் எடிட்டிங் மென்பொருளைத் திறந்தால், காட்சிகளை வரிசையாக அடுக்கும் ‘சீக்வன்ஸ்’ என்ற தளத்தை முதலில் அமைக்க வேண்டும். படத்தின் அகலம், உயரம் என்ன? நொடிக்கு எத்தனை ஃபிரேம்? இவற்றுக்கான விடைகளை முன்கூட்டியே தொகுத்து வைத்திருப்பதே ‘பிரீசெட்’. அந்தப் பட்டியலில் கண்ணில் முதலில் பட்டதை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குவது நம் பக்கத்து வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து.

விடுமுறை நாட்களில் நான் தருமபுரியில் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலைக்குச் செல்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். புத்தகச் செலவும் தேர்வுக் கட்டணமும் இவ்வேலையால்தான் நடக்கின்றன. தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன்மார் கைவேகத்தில் என்னைவிடப் பன்மடங்கு வல்லவர்கள். ‘ஏன் அண்ணா இந்த பிரீசெட்?’ என்று கேட்டால் மட்டும், ‘எப்பவும் இதைத்தான் தம்பி போடுவோம்’ என்பார்கள். அந்த ‘எப்பவும்’ எங்கிருந்து வந்தது?

வரலாற்றிலிருந்து வந்தது. ஊமைப்படம் பேசும் படமாக மாறிய 1920களின் இறுதியில், திரைப்படத்துக்கு நொடிக்கு 24 ஃபிரேம் என்பது நிலைபெற்றது. பின்னர் தொலைக்காட்சி வந்தபோது, நாடுகள் தத்தம் மின்சாரத்தை ஒட்டிக் கணக்கிட்டன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் பாதி 25. தூர்தர்ஷன் 1982இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோதும் ‘பால்’ முறையில் அதே 25தான். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஆகவே 30. அதையும் 1953இல் வண்ணத்துக்காகச் சற்றே குறைத்து 29.97 ஆக்கினார்கள். ஆக, பிரீசெட் என்பது வேறொருவர், வேறோர் இடத்தில், வேறொரு தேவைக்காக எடுத்துவைத்த முடிவு. அது நமக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டியவர் நாமன்றோ?

பொருந்தாத எண் என்ன செய்யும்? ஒகேனக்கல்லில் பரிசலில் வரும் மணமக்களை, கேமராவை மெல்லத் திருப்பி 25 ஃபிரேமில் எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 30 ஃபிரேம் சீக்வன்ஸில் இட்டால், ஐந்து ஃபிரேம் ஆறாக வேண்டும். எனவே மென்பொருள் ஐந்தில் ஒன்றை இருமுறை காட்டும். சீராக மிதந்துவர வேண்டிய பரிசல் நொடிக்கு ஐந்து முறை தயங்கும். பார்ப்பவர் கேமராக்காரரைக் குறை சொல்வார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! அவ்வாறே, 1920க்கு 1080 அளவில் எடுத்ததை 3840க்கு 2160 என்ற 4கே சீக்வன்ஸில் நிரப்பினால் புள்ளிகள் நான்கு மடங்காகும்; ஆனால் கேமரா காணாத எதுவும் புதிதாகத் தெரியாது. கணிப்பொறிக்குத்தான் சுமை.

‘பிறகு மாற்றிக்கொள்ளலாமே’ என்பீர்கள். டாவின்சி ரிசால்வில் காட்சிகளை உள்ளே கொண்டுவந்துவிட்டால், அந்த வேலைக்கு முதலில் வைத்த ஃபிரேம் எண்ணை மாற்ற இயலாது. பிரீமியரிலோ, முதல் காட்சி சீக்வன்ஸுடன் பொருந்தாவிட்டால், ‘சீக்வன்ஸை மாற்றவா, அப்படியே வைக்கவா?’ என்று அதுவே கேட்கிறது. நாம்தான் படிக்காமலே அழுத்துகிறோம்!

‘வல்லுநர் வகுத்துவைத்திருக்க, நமக்கேன் ஆராய்ச்சி?’ என்பாரும் உண்டு. பிரீசெட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதில் எடுத்தோம், எதில் காட்டப் போகிறோம் என்ற இரு கேள்விகளுக்கு விடை கண்டபின் தேர்ந்தெடுங்கள் என்கிறேன். கேமரா முழுதும் 25 என்றால் சீக்வன்ஸும் 25. செல்போனில் 30இல் எடுத்துச் செல்போனிலேயே பார்ப்பதாயின் 30தான் முறை. இரண்டும் கலந்து வருமெனில், படப்பிடிப்புக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே எண்ணில் வைக்கச் சொல்ல வேண்டும். திருமண மண்டபத்துக்கு 25ஐயே நான் விரும்புவேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண டியூப்லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. 25 ஃபிரேமுக்கு வழக்கமாக வைக்கும் 1/50 நொடி ஷட்டர் அதனோடு ஒத்துப்போவதால் படம் மினுக்காது. வகுப்பில் நாம் படிக்கும் மாறுதிசை மின்னோட்டம்தானே இது!

கடன் வாங்கித் திருமணம் நடத்தும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் பல. தாலி கட்டும் நேரம் மறுமுறை வராது. நாளை மறைந்துவிடும் ஒரு பாட்டி பேசி, நடந்து, சிரிப்பது அந்த ஒரு படத்தில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். அதைச் சீராகத் தருவது நம் கடமை. நம் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது. பொத்தான் இருக்கும் இடம் மட்டும் தெரிந்தவர், மென்பொருள் மாறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காரணம் தெரிந்தவருக்கு எந்த மென்பொருளும் பழகிக்கொள்ளக் கூடியதே.

ஆகவே, நம் துறை ஆண்டுக்கு ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கலாம். ஊரில் எடிட்டிங் செய்யும் அண்ணன்மாரையும் அழைக்கலாம். அவர்கள் கைவேகமும் நம் பாடமும் சேர்ந்தால், நமக்கேற்ற அளவுகளை நாமே அமைத்து, நம் பெயரிலேயே ஒரு பிரீசெட்டாகச் சேமித்து வைக்கலாம். மாணவ நண்பர்களே, அளவெடுப்போம்; பிறகு வெட்டுவோம்!