தீயும் வெள்ளமும் வரைந்த கோலாலம்பூர்

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்குக் காத்து நிற்கும்போது அந்தப் பெயரைப் பற்றி யோசித்திருக்கிறீர்களா? பிரிக் என்றால் செங்கல். இன்று அங்கே பூக்கடை, பலகாரக் கடை, புடவைக் கடை எல்லாம் உண்டு. செங்கல் சூளைதான் இல்லை. ஆனால் சூளையால்தான் அந்தப் பெயர் வந்தது. சூளை வந்ததற்குக் காரணம் 1881.

அதற்கு முன் கோலாலம்பூர் எப்படி இருந்தது? 1857-இல் ஈயம் தேடி வந்த சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் படகைவிட்டு இறங்கி, அம்பாங் காட்டுக்குள் நடந்தார்கள். காய்ச்சலில் இறந்தவர்கள் ஏராளம். படகு நின்ற அந்தச் சேற்றுக் கரையில் அரிசி, சாமான் விற்கக் கடைகள் முளைத்தன. எல்லாம் மரமும் அத்தாப்புக் கூரையும். 1880-இல் ஆங்கிலேய ரெசிடென்ட் சிலாங்கூரின் தலைநகரைக் கிள்ளானிலிருந்து இங்கே மாற்றினார்.

மறு ஆண்டே, 1881 ஜனவரியில், ஊர் எரிந்து சாம்பலானது. டிசம்பரில் வெள்ளம் வந்து, மிச்சம் இருந்ததையும் திரும்பக் கட்டியதையும் கொண்டுபோனது. ஒரே ஆண்டில் இரண்டு அடி!

1882-இல் ரெசிடென்ட்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் தெருக்களை அகலப்படுத்தி, இனிச் செங்கல், ஓட்டு வீடுகள்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். அத்தனை செங்கலுக்கு எங்கே போவது? கப்பித்தான் யாப் ஆ லோய் ஊருக்குத் தெற்கே நிலம் வாங்கிச் சூளை போட்டார். அதுதான் பிரிக்பீல்ட்ஸ். பழைய நகரத்தில் நாம் பார்க்கும் கடைவீடுகளும், மழைக்கு ஒதுங்கும் அஞ்சடியும் அந்த உத்தரவுக்குப் பின் எழுந்த நகரத்தின் அடையாளங்கள். உத்தரவு நல்லதுதான். ஆனால் செங்கல் வாங்க வசதியில்லாதவன் எங்கே போனான் என்று யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

1886-இல் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கு ரயில் ஓடியது. முந்தைய ஆண்டே இறந்துபோன யாப் ஆ லோய் அதைப் பார்க்கவில்லை. ஆற்றை நம்பிப் பிறந்த ஊர் அன்றிலிருந்து தண்டவாளத்தை நம்பி வளர்ந்தது. ரயிலோடு வந்தவர்கள் நம்மவர்கள். தண்டவாளம் போட்டதும் பராமரித்ததும் தமிழகத் தொழிலாளர்கள். கிராணி, ஸ்டேஷன் மாஸ்டர் வேலைகளில் யாழ்ப்பாணத்தார் நிறைய. சூளை நிலத்தைச் சுற்றி ரயில்வே குவார்ட்டர்ஸ் வந்தது, கோயில் வந்தது, கடை வந்தது. 2010-இல் ‘லிட்டில் இந்தியா’ என்று வளைவு வைத்துத் திறந்தார்கள். நம்மவர்களுக்கு அது எப்போதோ அப்படித்தான்.

அடுத்த திருப்பம் அவசரகாலம். 1948-க்குப் பிறகு நகர ஓரத்தில் குடிசை போட்டவர்களை அரசாங்கம் அப்படியே விட்டுவைக்கத் தயாராக இல்லை. ஜிஞ்சாங் போன்ற புதுக்கிராமங்கள் பிறந்தன. எபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்தில் 1950-களின் தொடக்கத்தில் ஒரு புறநகரம் எழுந்தது. அதுதான் பெட்டாலிங் ஜெயா. தோட்டம் நகரமாகும்போது முதலாளிக்கு நிலத்தின் விலை கிடைக்கும். லயத்தில் இருந்தவனிடம் பட்டா கிடையாது. இந்தக் கதை பிறகு எத்தனையோ தோட்டங்களில் நடந்தது. உங்கள் குடும்பத்திலும் ஒருவர் சொல்லக்கூடும்.

1974 பிப்ரவரி 1-ஆம் தேதி சிலாங்கூர் சுல்தான் கோலாலம்பூரைக் கூட்டரசிடம் ஒப்படைத்தார். அவர் கண் கலங்கினார் என்று இன்றும் சொல்கிறார்கள். பெடரல் நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்கும்போது தலைக்கு மேல் தெரிகிறதே கோத்தா டாருல் ஏசான் வளைவு, அது அந்தப் பிரிவின் நினைவு. தலைநகரை இழந்த மாநிலம் ஷா ஆலாமைக் கட்டியது. அதனால்தான் கிள்ளான் பள்ளத்தாக்கு ஒரே மையமாக நிற்காமல் மேற்கே நீண்டுகொண்டே போனது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டு இருந்த நிலத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறந்தார்கள். குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று அங்கிருக்கும் அலுவலகங்களுக்கு ரவாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கொமுட்டர் ஏறி வருகிறார்கள். கிள்ளானிலிருந்து வருகிறவர்கள், ஏறக்குறைய அந்த 1886-ஆம் ஆண்டுப் பாதையிலேயே வருகிறார்கள்.