கை கழுவும் நோயும் நர்ஸுகளும்

வாசல் தெளித்துக் கோலமிடாத வீடு கொங்கு நாட்டில் அபூர்வம். ஆகவே ஒரு பெண் ஓயாமல் கை கழுவிக்கொண்டிருந்தால், "சுத்தக்காரி" என்று வீட்டார் முதலில் மெச்சுகிறார்கள். தோல் வெடித்து ரத்தம் கசியும்போது "பிடிவாதக்காரி" என்று ஏசுகிறார்கள். பிறகு கோயில் கோயிலாக அழைத்துச் செல்கிறார்கள். வைத்தியரிடம் வருவது கடைசியில்தான். பூட்டிய கதவை நாற்பது தடவை இழுத்துப் பார்க்கும் ஆடவனுடைய கதியும் இதுவே. ஓ.ஸி.டி. என்று வைத்தியர்கள் சுருக்கமாகக் கூறும் எண்ணச் சுழற்சி நோய் இது.

2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு 0.8 பேருக்கு இந்நோய் உண்டென்று கணித்தது. இந்த விகிதம் இங்கும் பொருந்துமானால், கோயமுத்தூர் ஜில்லாவில் மட்டும் சுமார் 20,000 பேர் இதனால் வருந்துகிறார்கள் என்றாகும். மருந்து உண்டு, பலன் தெரியப் பல வாரங்கள் செல்லும். மருந்தோடு வேறொரு சிகிச்சையும் வேண்டும். அதன் வரலாற்றை நமது ஆஸ்பத்திரி அதிகாரிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

லண்டன் மிடில்ஸெக்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த விக்டர் மேயர் என்ற மனோதத்துவ நிபுணர், 1966-ல் தமது சிகிச்சை முறையை வெளியிட்டார். நோயாளியின் அறையில் தண்ணீர் அடைக்கப்பட்டது. அவள் அஞ்சிய பொருள்களையே தொடச் செய்தார்கள். கழுவ வேண்டுமென்ற துடிப்பு எழுந்து தானே அடங்கும் வரையில் உடனிருந்தவர்கள் யார்? நர்ஸுகள். 1972 முதல் ஐஸக் மார்க்ஸ் என்ற டாக்டர், மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கே இந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொடுத்து, அவர்களே நடத்தும்படி செய்தார். இன்று எவரையும் பலவந்தப்படுத்துவதில்லை. நோயாளியின் சம்மதத்துடன், சிறிய அச்சத்திலிருந்து பெரியதற்குப் படிப்படியாகச் செல்கிறார்கள். 2017-ம் வருஷத்திய மனநலச் சட்டமும் சம்மதத்தையே வற்புறுத்துகிறது.

கோயமுத்தூரில் நர்ஸிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மனோவியாதியும் பாடத்தில் இருக்கிறது. ஆயினும் பரீட்சை எழுதித் தேறுவது வேறு. நடுங்கும் நோயாளியின் பக்கத்தில் ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருப்பது வேறு. (இங்கே பயின்று அயல்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை, இங்கே அவர்களுக்கு நாம் அளிக்கும் சம்பளத்தை எண்ணினால் நமக்கே வெட்கமாயிருக்கிறது.)

நர்ஸ் முதலில் விசாரிக்க வேண்டியவை சில உண்டு. நாளில் எத்தனை மணி நேரம் இதில் கழிகிறது? கைத் தோல் எப்படியிருக்கிறது? அசுத்தத்துக்கு அஞ்சி உணவையும் தண்ணீரையும் குறைத்துவிட்டாரா? தூக்கம் உண்டா? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா? இக்கடைசிக் கேள்வியைக் கூசாமல் கேட்க வேண்டும். பரிகாசம் கூடாது. "ஒன்றுமில்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று திரும்பத் திரும்பத் தேறுதல் கூறுவதும் கூடாது. அதுவும் நோய்க்குத் தீனியே. தாயும் கணவனும் அன்பினால் இதைத்தான் செய்துவருகிறார்கள். அவர்களுக்கு எடுத்துச் சொல்லக்கூடியவளும் நர்ஸே.

கோயமுத்தூர் சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் பத்து நர்ஸுகளைத் தேர்ந்தெடுத்து, இந்தச் சிகிச்சையில் பழக்கி, வேறு வார்டுகளுக்கு மாற்றாமல் அங்கேயே நிறுத்திவைக்கும்படி சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை.