என்ன படிக்க ஆசை என்று ஒருத்தரும் கேட்கவில்லை

மறுபடியும் ஒரு படிவம் வந்திருக்கிறது. "யுத்தத்தால் பாதிக்கப்பட்டோருக்கான தொழிற்பயிற்சி." கீழே வரிசையாகக் கட்டங்கள்: தையல், அழகுக்கலை, கேக் ஐசிங், மணவறை அலங்காரம், கோழி வளர்ப்பு. ஒன்றில் சரி போட வேண்டும். இதிலே ஒன்றும் வேண்டாம், எனக்கு விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்று எழுத ஒரு கோடு கூட விடவில்லை. சண்டை முடிந்த காலத்திலிருந்து நிறுவனங்களின் பெயர் மாறுகிறது, கொடி மாறுகிறது, வாகனத்தின் நிறம் மாறுகிறது. கட்டங்கள் மட்டும் மாறுவதே இல்லை.

தையலை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. என் அம்மா தைத்துத்தான் எங்களை வளர்த்தவ. ஆனால் வன்னியில் பிறந்த பிள்ளை என்றால் ஊசிக்கும் நூலுக்கும் மேலே ஒன்றும் நினைக்கக் கூடாது என்று யார் முடிவெடுத்தது?

2009இல் எனக்கு வயது 14. கிளிநொச்சி ஜனவரி 2ஆம் திகதி விழுந்தது. அதற்கு முதலே நாங்கள் ஓடத் தொடங்கிவிட்டோம்: தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் மாத்தளன், முள்ளிவாய்க்கால். போன இடமெல்லாம் ஆசிரியர்கள் மரத்துக்குக் கீழே வகுப்பு வைக்கப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மேலே வண்டு என்கிற வேவு விமானம் சுற்றும், கிபிர் குண்டுவிமானம் இரையும், அவர் கரும்பலகையை அப்படியே விட்டுவிட்டு எங்களைப் பதுங்குகுழிக்குள் தள்ளுவார். சத்தம் ஓய்ந்ததும் வெளியே வந்து அதே கணக்கை விட்ட இடத்திலிருந்து செய்வார். ஒவ்வொரு இடப்பெயர்விலும் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாகக் குறைந்தது. கதிரை போனது, அண்டா போனது, சைக்கிள் போனது. புத்தகம் மட்டும் மாத்தளன் வரை வந்தது. அங்கே விறகு இல்லை. மணலிலே மூன்று கல்லை வைத்து, என் விஞ்ஞானப் புத்தகத்தை ஒவ்வொரு ஒற்றையாகக் கிழித்துத்தான் கஞ்சி காய்ச்சினோம். பூவின் பாகங்கள் கீறியிருந்த பக்கம் எரிந்தது இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது.

செல்லுக்கு மட்டும் பயந்து ஒளித்தோம் என்று நினைக்காதீர்கள். இயக்கம், அதுதான் விடுதலைப் புலிகள், வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டது. பிறகு அந்த ஒரு ஆளோடும் நிற்கவில்லை. பிள்ளைகளைக் காணிக்குள் கிடங்கு வெட்டி, தகரம் போட்டு மூடி ஒளித்து வைத்த தாய்மாரை எனக்குத் தெரியும். கலியாணம் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று பதினைந்து வயதுப் பெட்டைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள். என் வகுப்பில் முன் வாங்கில் இருந்தவள் ஒருத்தி. கணிதத்தில் அவளை அடிக்க ஆளில்லை. அவளைப் பிடித்துக்கொண்டு போய் முதலில் தலைமயிரை வெட்டினார்கள். தப்பி ஓடினாலும் கட்டை மயிரைக் கண்டு பிடிக்கலாம் அல்லவா? எங்கள் விடுதலைக்காக என்று சொல்லி எங்களையே பிடித்தவர்களைப் பற்றி இன்றைக்கும் பேசினால் துரோகி என்பார்கள். சொல்லட்டும்.

அவள் தப்பி வந்தாள். ஓமந்தையில் ஆமி ஒலிபெருக்கியில் சொன்னான், ஒரு நாள் இயக்கத்தில் இருந்தவர்களும் பதியுங்கோ என்று. அவள் பதியாமல் இருந்திருக்கலாம். ஆனால் மயிர் சொல்லிக் கொடுத்துவிட்டது. இயக்கம் அடையாளத்துக்கு வெட்டியது, ஆமிக்கு அடையாளமாகப் போனது. புனர்வாழ்வுக்குக் கொண்டுபோனார்கள். 594 சிறுவர் போராளிகளுக்குப் புனர்வாழ்வு அளித்து விடுவித்ததாக அரசாங்கம் கணக்குச் சொல்கிறது. அதில் ஒரு பகுதியினரை இரத்மலானை இந்துக் கல்லூரியில் சேர்த்துப் படிப்பித்தார்கள், அது உண்மை, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் சிநேகிதிக்கு அது வாய்க்கவில்லை.

எங்களை ஏற்றி இறக்கிய இடம் செட்டிகுளம் மெனிக் பாம். முகாம் பிரிவுகளுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: கதிர்காமர், இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசாமி. எல்லாரும் கரைகண்ட படிப்பாளிகள். அந்தப் பெயர்ப் பலகைகளுக்குக் கீழே, முட்கம்பிக்குள்ளே, தரப்பாள் கொட்டிலில் முட்டுக்கு மேல் கொப்பியை வைத்து எழுதினோம். தண்ணீர் வரிசையில் நின்றால் வகுப்பு இல்லை, வகுப்புக்குப் போனால் தண்ணீர் இல்லை. அந்த முகாமைக் கடைசியாக மூடியது 2012 செப்டெம்பரில்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் உண்மையான அடி விழுந்தது. என் சிநேகிதி பாடசாலைக்குப் போனாள். "வயது கூடிப் போச்சு பிள்ளை, மற்றப் பிள்ளையளின்ர தாய் தகப்பன் கதைப்பினம்" என்றார்கள். அவசரத் தாலி கட்டினவளுக்குக் கையில் குழந்தை, அவளுக்கும் அதே வாசல்தான். கட்டாயக் கல்வி வயது அப்போது 14 வரைதான். அதற்கு மேலே எங்களைச் சேர்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் யாரையும் நெருக்கவில்லை. அதை 16 ஆக்கியது 2016இல். ஓ.எல். தவறினாலும் 13 வருடம் படிக்கலாம் என்ற திட்டத்தைத் தொடங்கியது 2017இல். அறிவியல்நகரில் ஜேர்மன் உதவியோடு நல்ல தொழில்நுட்ப நிலையம் திறந்ததும் 2016இல்தான். எல்லாம் நல்ல காரியம். அதற்குள் என் வயதுக்காரர் பிள்ளை பெற்று, கடன்பட்டு, கிழமைக் கட்டுக்குக் காசு தேடிக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று 5 வீதம் ஒதுக்கியிருக்கிறதே என்பார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் அதில் உண்டு. ஏ.எல். வரைக்கும் ஏறியவர்களுக்கு அது ஏணி. ஒன்பதாம் வகுப்போடு விழுந்தவர்களுக்கு?

எங்களுக்குக் கிடைத்தது சில மாதத் தையல் பயிற்சி. கடைசி நாளில் சான்றிதழ், றோல்ஸ், குளிர்பானம், பதாகையைப் பிடித்துக்கொண்டு குறூப் போட்டோ. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின். தைக்கக் கொடுக்கத்தான் ஆளில்லை. சந்தியில் ரெடிமேட் சட்டை தைகூலியை விட மலிவு. என் சிநேகிதி, கணிதத்தில் அடிக்க ஆளில்லாதவள், மெஷினை விற்று மகளுக்குச் சப்பாத்து வாங்கினாள். அந்த நிறுவனத்தின் அறிக்கையில் அவள் இன்னும் "சுயதொழில் முனைவோர்" என்றுதான் இருப்பாள்.

சனசமூக நிலையத்தில் பின்னேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன், சம்பளமில்லை. சில வருடத்துக்கு முதல் ஒரு பெடியன் வந்தான். 2009இல் கைக்குழந்தை. கணக்கு நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு வாங்கில் படுத்துவிடுவான். பள்ளிக்கூடத்தில் மொக்கன் என்று பின்னுக்கு இருத்திவிட்டார்கள், அடியும் வாங்கியிருக்கிறான். ஒரு நாள் தாய் பழைய எக்ஸ்ரேயை மண்ணிறக் கவருக்குள் இருந்து எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினா. காதுக்கு மேலே வெள்ளையாக, நகத்துண்டு அளவில் ஒரு செல் பீஸ். எடுத்தால் ஆபத்து, இருக்கட்டும் என்று டொக்டர் சொன்னாராம். வெயில் ஏற ஏற நோகும். வகுப்பாசிரியருக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "ஒருத்தரும் கேக்கேல்லை மிஸ்" என்றா. அவனுக்கு மட்டும் காலையிலே, வெயில் ஏற முதல் கணக்கை வைத்தேன். செய்தான். இதற்கு எந்த வெளிநாட்டுப் பணம் வேண்டியிருந்தது?

இரக்கம் போதும். புள்ளிவிபரத்துக்கு எங்கள் பெயரை எழுதிக்கொண்டு போனதும் போதும். போன மாதம் வந்த உத்தியோகத்தர் ஒருவரிடம் என் சிநேகிதிக்கு ஓ.எல். எழுத ஆசை என்று சொன்னேன். "தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதலாம்தானே தங்கச்சி, வயதெல்லை இல்லை" என்றார். எழுதலாம் சேர், எங்களுக்கும் தெரியும். யார் படிப்பிக்கிறது? கிழமையில் இரண்டு பின்னேரம் கணிதத்துக்கு ஒரு ஆசிரியர், விஞ்ஞானத்துக்கு ஒரு ஆசிரியர், படிக்கிற நேரம் பிள்ளைகளைப் பார்க்க ஒரு அம்மா, இருட்டினால் வீட்டுக்குப் போக ஒரு ஓட்டோ. கேட்டது இவ்வளவுதான். "இப்படியான திட்டத்துக்கு நிதி இல்லையே" என்று கையை விரித்தார். கேக் ஐசிங்குக்கு மட்டும் வருடா வருடம் எங்கேயிருந்து சேர் வருகிறது?