மண்ணுக்கு அவசரம் தெரியாது

'அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது' என்பார்கள் நம் பெரியவர்கள். இந்தப் பழமொழியை ஒரு நாடே மறந்ததன் விளைவை நாம் 2021-ஆம் ஆண்டில் கண்டோம்.

இலங்கையைத்தான் சொல்கிறேன். பத்தாண்டுகளில் நாட்டை இயற்கை வேளாண்மைக்கு மாற்றுவோம் என்பது 2019 அதிபர் தேர்தலில் கோத்தபாய ராஜபக்சே தந்த வாக்குறுதி. ஆனால், 2021 மே மாதத்தில் ஒரே ஆணையில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. பெரும்போக நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. அரிசியில் ஏறக்குறைய தன்னிறைவு கண்டிருந்த நாடு வெளிநாட்டு அரிசியை எதிர்பார்த்து நின்றது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் நெல்லை நம்பி வாழும் தமிழ் உழவர்களும் அந்தச் சுமையைச் சுமந்தார்கள்.

அன்று முதல், இயற்கை உரமெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று பேசுவோர் பெருகிவிட்டனர். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்குத் தோற்றது இயற்கை உரமன்று, அவசரமே.

கணக்கைப் பார்ப்போம். யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு; தொழுவுரத்தில் ஏறக்குறைய அரை விழுக்காடுதான். ஒரு ஹெக்டர் வயலுக்கு 100 கிலோ தழைச்சத்து தர யூரியா என்றால் 50 கிலோ மூட்டைகள் நான்கைந்து போதும். தொழுவுரம் என்றால் 20 டன் வேண்டும். அதிலும் முதற்பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. மீதி, நுண்ணுயிர்கள் சிதைக்கச் சிதைக்க, அடுத்தடுத்த பருவங்களில்தான் வெளிப்படும். விடாமல் எருவிட்டு வந்தால் மண்ணில் கரிமச்சத்து சேரும். ஊட்டத்தைப் பிடித்து வைக்கும் திறனும் கூடும். இதற்கு ஆண்டுகள் பல ஆகும்.

இந்தியாவில் 1970-இல் தொடங்கிய நீண்டகால உர ஆய்வுகள் சொல்வதென்ன? தழைச்சத்து உரம் மட்டுமே இட்ட நிலங்களில் காலப்போக்கில் விளைச்சல் குறைந்தது. சமச்சீரான இரசாயன உரத்தோடு தொழுவுரத்தையும் இட்டுவந்த நிலங்களில் விளைச்சல் நிலைத்து நின்றது. ஆக, 'இயற்கை உரமா, இரசாயன உரமா' என்பது பட்டிமன்றத்திற்கு வேண்டுமானால் நல்ல தலைப்பு. வயலுக்கு இரண்டும் தேவை.

நம் நாட்டிற்கு வருவோம். கெடாவின் மூடா வட்டாரத்தில் 1970 முதல் ஆண்டுக்கு இருபோகம் விளைகிறது. அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்து இருக்கிறது. எரித்தால் அதில் பெரும்பகுதி காற்றோடு போகும். மட்காத வைக்கோலை நீர் நிற்கும் வயலில் அப்படியே புதைத்தாலோ மீத்தேன் வாயு பெருகும். மட்கவைத்து இடுவதே நல்லது. ஆனால், இரு போகங்களுக்கு இடையே உழவருக்குக் கிடைப்பது சில வாரங்களே, ஆள்கூலியும் ஆகும். அவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. உரத்திற்கு மானியம் தரும் அரசு, வைக்கோலை மட்கவைத்து வயலுக்கே திருப்பித் தரும் உழவருக்குக் குறைந்தது ஐந்தாண்டுகளாவது தொடர்ந்து கைகொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. 'இயற்கைக்குத் திரும்புவோம்' என்று மேடையில் முழங்குவது எளிது. எத்தனை ஆண்டுகளில், எவ்வளவு எருவோடு, யார் செலவில் என்று கேட்கவும் பழகுவோம். தினமும் சோறு உண்ணும் நாம் உழவருக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச நன்றி அதுவே.